வாசற்படியில் மஞ்சள் தண்ணீர்

போன மாதம் துஷா தொலைபேசியில் கூப்பிட்டாள். பலெர்மோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நீதிமன்றத்தில் தமிழுக்கும் இத்தாலியனுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் வேலையை நான் இருபத்தாறு வருஷம் பார்த்தேன். இப்போது அவள் பார்க்கிறாள். பாதி விசாரணை திரையில்தான் நடக்கிறதாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் சிறையில் ஒரு கமராவுக்கு முன்னால் இருப்பார், இவள் நீதிமன்றத்தில் ஒரு மைக்குக்கு முன்னால் இருப்பாள். அதைப் பற்றிப் புலம்பத்தான் எடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"அங்கிள், ஒரு கேள்வி. எங்கட ஆக்களின்ர பழக்கவழக்கத்தைப் பற்றி ஜட்ஜ் என்னட்டையே கேட்டா, நான் பதில் சொல்லலாமோ, கூடாதோ?"

"கூடாது" என்றேன் உடனே. பிறகு, "பொறு பிள்ளை, சொல்லலாம்" என்றேன். பிறகு, "எனக்குத் தெரியாது, உதையெல்லாம் என்னட்டை ஏன் கேக்கிறாய்?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஐயோ அங்கிள், மூண்டு பதில் சொல்லிப்போட்டியள். நான் எதை எடுக்கிறது?" என்று சிரித்தாள். அவளுக்கு அது பகிடி. எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நான் சிடுமூஞ்சியாகிவிட்டேன் என்று என் மனைவி சொல்லுகிறாள். அதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தேன் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. துஷாவுக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியாததால் நடந்ததை எழுதி வைக்கிறேன். பதிலை அவளே எடுத்துக்கொள்ளட்டும், எடுக்க முடிந்தால்.

நான் யாரிடமும் படித்து மொழிபெயர்ப்பாளன் ஆனவன் அல்ல. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்து வந்து, பலெர்மோவில் ஏழு வருஷம் மாடிப்படி துடைத்தேன், கிழவர்களைக் குளிப்பாட்டினேன், பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாத் தெருவில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் சமைத்தேன். அந்த சிஞ்ஞோரா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். நான் பிழையாகப் பேசினால் சாப்பாட்டு மேசையிலேயே நிறுத்தித் திருத்துவார். திருத்தாமல் கரண்டியைத் தொடமாட்டார். என் இத்தாலியன் அப்படி வந்தது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகிற நம்மவர்களுக்குத் துணையாக குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையக வாசலில் நின்று நின்று, ஒரு நாள் உள்ளே இருந்த அதிகாரியே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அங்கிருந்து நீதிமன்றம்.

அந்த வேலையின் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினையே அதில்தான். முதலில் சத்தியப்பிரமாணம். உண்மையை அறியச் செய்வதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். பிறகு குற்றஞ்சாட்டப்பட்டவரின் இடது பக்கம், அரை அடி பின்னால், கதிரையைப் போட்டு உட்கார வேண்டும். நீதிமன்றத்தில் நடப்பதெல்லாம் அவர் காதில் மெல்லிய குரலில் தமிழில் போக வேண்டும். அவர் பேசினால் உரத்த குரலில் இத்தாலியனில் வர வேண்டும். "அவர் திருடவில்லை என்கிறார்" என்று சொல்லக்கூடாது. "நான் திருடவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் நான் திருடியிருக்கிறேன், கள்ளக் கடிதம் வைத்திருக்கிறேன், மச்சானுக்குப் போத்தலால் அடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு என்ன செய்தனீங்கள்?" என்று மனைவி கேட்டால், "கத்தியாலை குத்தினன்" என்பேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஆரை?" என்பாள்.

எனக்கு மேலதிகாரி என்று ஒருவரைச் சொல்வதானால், மூன்று நீதிபதிகள் அமர்வுக்குத் தலைமை தாங்கிய அம்மாவைத்தான் சொல்வேன். சின்ன உருவம். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். ஆகையால் சத்தம் போடும் சட்டத்தரணிகள் எல்லாரும் தாங்களாகவே அடங்கிவிடுவார்கள். கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். யாராவது தேவையில்லாமல் ஒரு சொல் கூடச் சொன்னால் அந்தப் பென்சிலை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்குவார். அவ்வளவுதான். என்னுடைய இரண்டாவது வழக்கிலேயே தூக்கினார். ஒரு சாட்சி, பெரிய மாமன் வீட்டுக்குத்தான் முதலில் போனேன் என்று சொன்னார். நான் அதை மொழிபெயர்த்துவிட்டு, கெட்டித்தனமாக, "எங்களில் தாய்மாமனுக்கு மரியாதை அதிகம்" என்று சேர்த்தேன். பென்சில் எழும்பியது.

"சிஞ்ஞோர் மொழிபெயர்ப்பாளர்," என்றார், "நீங்கள் இங்கே இல்லை."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி என்று அன்று பின்னேரமே புரிந்தது. நான் சேர்க்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? எனக்குப் பிடித்தவருக்கு ஒன்று சேர்ப்பேன், பிடிக்காதவருக்குச் சேர்க்காமல் விடுவேன். அதன் பிறகு பதினான்கு வருஷம் நான் அங்கே இல்லாமல் இருந்தேன். அந்த அம்மா என்னை இரண்டு தடவை பாராட்டினார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சொல்தான். அது போதும் எனக்கு, ஒரு கிழமைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன்.

பிறகு ஜெயராணியின் வழக்கு வந்தது.

ஜெயராணிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியைச் சேர்ந்தவள். கணவர் நோயில் போய்விட்டார். பதினொரு வயதில் ஒரு மகள். லிபெர்த்தாவில் நினைவு தப்பிப் படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலை. கிழவர் அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போனவர். கட்டில் பக்கத்து மேசை லாச்சியில் ஒரு ரிவால்வர், பதிவு செய்யப்பட்டது. ஜெயராணி நாலு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த லாச்சியைத் துடைத்திருக்கிறாள், ரிவால்வரைத் தூக்கி, அடியில் தூசி தட்டி, திரும்ப வைத்திருக்கிறாள். அதற்குள் குண்டு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், மொட்டை மாடியில் காய்ந்த உடுப்பு எடுக்கப் போனாள். கதவைச் சாத்தாமல் போய்விட்டாள். திரும்பி வந்தால் வீட்டுக்குள் ஒருவன் நிற்கிறான், கையில் ஸ்க்ரூ ட்ரைவர். ஓடிக் கிழவரின் அறைக்குள் போனாள். லாச்சியைத் திறந்தாள். ஒரு வெடி. அவன் இடுப்பின் பக்கவாட்டில் பட்டது. விழுந்தவன் தவழ்ந்து படிக்கட்டு வரை போய்விட்டான். பிழைத்தான்; ஆனால் இன்றைக்கும் கால் இழுத்துத்தான் நடக்கிறான்.

ஜெயராணியின் கதை: அவன் அறை வாசலுக்கு வந்துவிட்டான், என்னையும் கிழவரையும் நோக்கி வந்தான், பயத்தில் சுட்டேன். அவனுடைய கதை: பெண்ணைக் கண்டதும் நான் வெளியே ஓடினேன், வீட்டின் முன்கதவுக்குப் போன பிறகு பின்னால் இருந்து சுட்டாள். முன்னதென்றால் தற்காப்பு, குற்றமே இல்லை, வீட்டுக்குப் போகலாம். பின்னதென்றால் கொலைமுயற்சி. துப்பாக்கியால் ஆளைப் பார்த்துச் சுட்டதற்கு சட்டப் புத்தகத்தில் ஏழு வருஷம் என்று ஒரு கீழெல்லை இருந்தது. காயம் பக்கவாட்டில் என்பதால் வைத்தியரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவன் விழுந்த இடத்தில் இரத்தம் எங்கே தேங்கிக் கிடந்தது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் இரத்தம் எங்கேயும் இல்லை. பொலிஸார் வரும்போது நிலம் பளபளவென்று இருந்தது. ஜெயராணி கழுவிவிட்டாள்!

சிறையில் அவளுடைய சட்டத்தரணி முதன்முதலாகச் சந்தித்தபோது நான்தான் நடுவில். நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. ஏன் கழுவினாய் என்று கேட்டார்.

"வேறை என்ன செய்யிறது? நிலம் முழுக்க ஊத்தையாக் கிடந்தது. சிஞ்ஞோரா வரப்போறா. ரெண்டு வாளி தண்ணி ஊத்தி, பிளீச் போட்டு, மொப் பண்ணினன்."

இதை நான் இத்தாலியனில் சொன்னதும் அவர் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். ஆனால் எனக்கு அது விளங்கியது. ஏழு வருஷம் நிலம் துடைத்தவன் நான். கிழவரின் மகளான அந்த சிஞ்ஞோராவுக்குத்தான் அவள் முதலில் தொலைபேசி எடுத்திருக்கிறாள், அவர் எடுக்கவில்லை. பொலிஸைக் கூப்பிட்டது கீழ்வீட்டுக்காரர். அவர்கள் வர இருபது நிமிஷம். இருபது நிமிஷம் சும்மா நிற்கத் தெரியாத கை அது. இரத்தத்தைக் கண்டுபிடிக்க ஏதோ மருந்து தெளித்துப் பார்த்தார்கள். பிளீச்சுக்கும் அது ஒளிருமாம். நடை முழுவதும் நீலமாக ஒளிர்ந்ததாம். ஒன்றும் பிரயோசனமில்லை.

ஒன்றே ஒன்று மிஞ்சியது. கழுவி முடித்தவள், நோயாளி கிடக்கிற வீட்டில் இரத்தம் சிந்திவிட்டதே, தீட்டு என்று, மஞ்சள் தண்ணீர் கரைத்துத் தெளித்திருக்கிறாள். பளிங்குத் தரையில் மஞ்சள் பட்டால் போகுமா? இரண்டு இடத்தில் கறை. ஒன்று கிழவரின் அறை வாசலில். மற்றது வீட்டின் முன்கதவு வாசற்படியில்.

வழக்குத்தொடுநர் சொன்னார்: இரத்தம் கிடந்த இடத்தில்தான் இதைத் தெளிப்பார்கள், முன்கதவில் இரத்தம் கிடந்தது, ஆகவே அவன் வெளியேறும்போது சுடப்பட்டான், அறை வாசலில் தெளித்தது நம்மை ஏமாற்ற. எங்கள் சட்டத்தரணி சொன்னார்: இரத்தம் கிடந்தது அறை வாசலில், முன்கதவில் தெளித்தது வழக்கம்.

இதற்கு முன்பே வழக்குத்தொடுநர் ஒரு பேரம் பேசியிருந்தார். ஒத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஏழு என்பது நாலு வருஷமும் எட்டு மாதமும் ஆகும். மொழிபெயர்க்கும்போதே, எடு, எடு என்று என் மனம் அடித்துக்கொண்டது. வாய் பேசவில்லை.

"செய்யாத பிழையை நான் ஏன் ஒப்புக்கொள்ள?" என்றாள் ஜெயராணி. "நாளைக்கு என்ர பிள்ளைக்குக் கலியாணம் பேசி ஆரும் வந்தா, தாய் தானே ஒப்புக்கொண்டவ எண்டெல்லோ கதைப்பினம். நான் வழக்குப் பேசுறன்."

சட்டத்தரணி என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பது போல. நான் என் குறிப்புக் கொப்பியைப் பார்த்தேன்.

இனித்தான் அந்த நாள். ஜெயராணி சாட்சிக் கதிரையில். நான் அரை அடி பின்னால். "முன்கதவில் ஏன் தெளித்தாய்?" என்று வழக்குத்தொடுநர் கேட்டார்.

"எங்கட ஆக்கள் வாசல்லை தெளிக்கிறதுதான். வீட்டுக்குள்ளை எங்கை என்ன நடந்தாலும் கடைசியா வாசல்லை தெளிக்க வேணும். அது வழக்கம்."

"நீ சொல்கிறாய் என்பதைத் தவிர ஏதும் ஆதாரம் உண்டா?" என்றார் அவர்.

அப்போது தலைமை நீதிபதி அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"சிஞ்ஞோர் மொழிபெயர்ப்பாளர், நீங்களும் இதே மக்களில் ஒருவர். இரத்தம் சிந்தாத இடத்திலும் வாசலில் இந்த மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பது உங்களுக்குள் வழக்கமா?"

எனக்குப் பதில் தெரியும். சீசா என்கிற வட்டாரத்தில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டில், செத்தவீட்டுக்குப் போய் வந்தாலும், பிள்ளைக்குக் கண்ணூறு பட்டாலும், என் மனைவி கடைசியில் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். நாலாம் மாடிக்காரி படியெல்லாம் மஞ்சள் என்று சண்டைக்கு வந்திருக்கிறாள். ஆனால் இது எங்கள் வீட்டு வழக்கமா, எல்லாருடைய வழக்கமா? நான் வடமராட்சி, அவள் தீவு. அங்கே எப்படியோ, யார் கண்டார்? நான் ஓம் என்றால் அது மொழிபெயர்ப்பா, சாட்சியமா? அந்த அம்மா பதில் வேண்டித்தான் கேட்கிறாரா, பதினான்கு வருஷத்துக்குப் பிறகும் நான் அங்கே இல்லாமல் இருக்கிறேனா என்று பார்க்கிறாரா? எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடியது. ஜெயராணி திரும்பி என்னைப் பார்த்தாள். கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. அதை அவள் காதில் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"மன்னிக்க வேண்டும், அம்மா," என்றேன். "நான் இங்கே இல்லை."

அவர் பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். "சரி," என்றார். பாராட்டினாரா, கைவிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேறு யாரையாவது சாட்சிக்குத் தேடினார் சட்டத்தரணி. யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லை. நீதிமன்றம் ஏறினால் பெர்மெஸ்ஸோவுக்குப் பிரச்சினை வரும் என்று பயம். என் மனைவி, "நான் போய்ச் சொல்லட்டோ?" என்றாள். மொழிபெயர்ப்பாளரின் மனைவி சாட்சி சொன்னால் என்னை நீக்கிவிடுவார்கள் என்று நான்தான் தடுத்தேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

கடைசியில் சீசாவில் இருந்து ஒரு மொரிஷியஸ் தமிழ் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். பக்தியான மனுஷி, பொய் சொல்லத் தெரியாது. அழகான இத்தாலியனில், என் உதவியே இல்லாமல் பேசினார். "ஓ, வாசலில் தெளிப்போம். திருவிழாவுக்கு, நல்ல காரியத்துக்கு. இரத்தத்துக்கா? அது எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் செய்ததில்லை."

"நல்ல காரியத்துக்கு!" என்றார் வழக்குத்தொடுநர் சபையைப் பார்த்து. "அன்று அந்த வீட்டில் என்ன நல்ல காரியம்?"

ஏழு வருஷம். தணிப்பு ஏதும் தரவில்லை, நிலத்தைக் கழுவியதால். அந்தக் கீழெல்லைக்குக் கீழே தங்கள் கை போகாது என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. நான் அதை ஜெயராணியின் காதில் சொன்னேன். "ஏழு" என்றேன். "மாசமோ அண்ணை?" என்று கேட்டாள். "வருஷம்" என்றேன். அந்தச் சொல்லுக்கு நான் அங்கே இருந்தேன், நன்றாகவே இருந்தேன். மேன்முறையீட்டிலும் ஒன்றும் மாறவில்லை. வீட்டுக்குள் நுழைந்தவனைச் சுட்டால் எப்படிப் பார்ப்பது என்ற சட்டத்தைப் பிற்காலத்தில் மாற்றினார்கள், பயத்தில் நிலைகுலைந்தவரைத் தண்டிக்கக்கூடாது என்று. முடிந்துபோன தீர்ப்பு என்பதால் அவளுக்கு அது உதவவில்லை.

அவள் சிறையில் இருந்தபோது மகள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். சித்தி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நம்மவர்கள் சேர்ந்து மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்தோம். பிள்ளைக்கு முதல் சீலை உடுத்திவிட்டது என் மனைவி. நான் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது. அது கூட நினைவிருக்கிறது, பாருங்கள்.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கப் போனபோது அந்த நீதிபதி அம்மாவைக் கண்டேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். கையில் காய்கறிப் பை. எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்ததைக் கேட்டுவிட்டேன்: அம்மா, அன்று மஞ்சள் தண்ணீர் பற்றி என்னைக் கேட்டீர்களே, பதில் வேண்டியா கேட்டீர்கள்?

"எந்த வழக்கு?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரிவால்வர், பளிங்கு, மொரிஷியஸ் அம்மா. புருவத்தைச் சுருக்கி யோசித்தார். நினைவு வரவில்லை. "கேட்டிருந்தால் பதில் வேண்டியிருக்கும்," என்றார். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி, "அல்லது உங்களைச் சோதித்திருப்பேன். நான் இரண்டும் செய்வேன்," என்றார். நான் வாங்கிய மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துஷா தொலைபேசி எடுத்த பிறகு, இனியும் தாங்காது என்று, ஜெயராணியைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடச் சொன்னேன் மனைவியிடம். ஜெயராணி நன்னடத்தையால் ஐந்தரை வருஷத்தில் வெளியே வந்து, மறுபடியும் லிபெர்த்தாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். கோயிலில் காணுவோம், சுகம் விசாரிப்போம். இதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

வந்தாள். முடி நரைத்திருந்தது. தேத்தண்ணி குடித்தாள். மனைவி குசினிக்குள் போனதும் கேட்டேன். நான் மொழிபெயர்த்த ஆட்கள் யாரிடமும் சொந்தமாகக் கேட்ட முதல் கேள்வி.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. அவன் வந்தவனோ, போனவனோ?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

"என்ன தெரியாது? கோட்டிலை உன்ர வாயாலை சொன்னனியே. நான்தானே மொழிபெயர்த்தனான்."

"அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சுச் சொன்னனான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டெல்லோ சுட்டனான். திறந்து பாக்கேக்கை அவன் விழுந்து தவழுறான். எங்கை விழுந்தவன் எண்டு பாக்கிற நிலையிலையோ நான் நிண்டனான்? மொப்பைத்தான் தேடினன்."

அப்படியானால் நான் அன்று ஓம் என்று சொல்லியிருந்தால், யாருக்குமே தெரியாத ஒன்றுக்கு அல்லவா துணை போயிருப்பேன்? வாயை மூடிக்கொண்டது சரிதானோ? ஒரு கணம் நெஞ்சில் ஒரு ஆறுதல் வந்தது. வந்ததற்காக என் மேலேயே கோபமும் வந்தது.

ஜெயராணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆனா அண்ணை, வாசல்லை தெளிச்சது வழக்கத்துக்குத்தான். அது பொய் இல்லை. அந்த ஜட்ஜ் அம்மா உங்களை என்ன கேட்டவ எண்டு, சிறையிலை நான் பாஷை பழகின பிறகுதான் என்ர வழக்கைப் பேசின அப்புக்காத்து எனக்குச் சொன்னவர். நீங்கள் வீட்டிலை தெளிக்கிறனீங்கள்தானே?"

"ஓம்," என்றேன்.

"உதைத்தான் அண்ணை. உந்த ஒரு ஓமை அண்டைக்குச் சொல்லியிருந்தா, என்ர பிள்ளைக்கு முதல் சீலையை நானே உடுத்தி விட்டிருப்பன்."